இரண்டு பேருக்கு ஒரு மெத்தை

சபிதா மெத்தையின் ஓரத்துத் தையலில் மூக்கை வைத்து மோந்து பார்த்தபோது, கடைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். நாற்பத்தோரு நாளாக ஒழுங்காக உறங்காத ஒருத்திக்கு வெட்கப்படுவதற்குக்கூடத் தெம்பு மிச்சமில்லை.

மார்த்தாண்டத்தில் அது மூன்று மாடிக் கடை. மெத்தைகளெல்லாம் இரண்டாவது மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. ஜான்ரோஸ் படிகளை ஒவ்வொன்றாக, இடது காலை முதலில் வைத்து ஏறி வந்து, இப்போது ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறு கை இடுப்பில் இருந்தது. மஸ்கட்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அந்தக் கைக்கு வேறு வேலை கிடையாது.

"அக்கா, இது முழுக்க லேட்டக்ஸாக்கும். நாச்சுரல். பச்சப் பிள்ளையைக் கெடத்தினாக்கூட ஒண்ணும் செய்யாது," என்றாள் கடைப் பெண். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அஞ்சு என்று பெயர்.

"இந்த ஜிப்பைத் தொறந்து காட்டுவியா மக்கா?"

"அது தொறக்கப்பிடாது அக்கா. தொறந்தா கம்பெனி திருப்பி எடுக்காது."

"தொறந்து காட்டு பிள்ளே," என்றான் ஜான்ரோஸ் தூணிலிருந்தே. "அவ மோந்து பாக்காம ஒண்ணும் வாங்க மாட்டா. என்னையே மோந்து பாத்துட்டுத்தான் கெட்டினா."

அஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சபிதாவும் சிரித்து வைத்தாள். அந்தக் கேலியின் அடியில் ஒரு முள் இருப்பது அவளுக்கு மட்டுமே தெரியும். கடந்த சில வாரங்களாக அவன் பேசும் எல்லாக் கேலியிலும் அது இருக்கிறது.

மேலதிகாரி கீழே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு அஞ்சு ஜிப்பை ஒரு சாண் திறந்தாள். மேலே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளையாக, துளைத் துளையாக ரப்பர். அதற்குக் கீழே அரையடிக்கு மஞ்சள் நிறத்தில் வேறொன்று. சபிதா அதைத் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை. புதுக் காரைப் பூட்டி வெயிலில் போட்டுத் திறந்தால் வரும் வாடை, அதில் பெயின்டும் அழுகத் தொடங்கிய பழமும் கலந்த ஒன்று, மெல்ல மேலே வந்தது. புத்திக்கு எட்டும் முன்பே தொண்டை அதை அடையாளம் கண்டுகொண்டது. உள்ளிருந்து யாரோ கயிற்றை இழுத்துக் கட்டுவது போல இறுகியது.

"அடியில ஃபோம் வச்சிருக்கு," என்றாள்.

"அது சப்போர்ட்டுக்கு அக்கா. எல்லாத்துலயும் உண்டும்."

சபிதா விறுவிறுவென்று படிகளில் இறங்கினாள். இது நான்காவது கடை. பின்னால் ஜான்ரோஸ் ஒவ்வொரு படியாக, இடது காலை முதலில் வைத்து இறங்கி வரும் சத்தம் கேட்டது. தான் ஓடிவிட்டதும், அவனால் ஓடி வர முடியாததும் தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

*

ஜான்ரோஸ் பன்னிரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. கூட்டிப் பார்த்தால் அவர்கள் ஒரே கட்டிலில் படுத்த நாட்கள் ஒரு வருஷத்தைத் தாண்டாது. அவள் ஒருமுறை கூட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு அதைச் செய்ததில்லை. புதுக்கடைக்குத் தெற்கே அவர்களுக்கு ஒரு வீடும், வீட்டுக்குப் பின்னால் நாற்பது மூடு ரப்பர் மரங்களும் இருந்தன. அவள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். மகள் ஜாஸ்மி வளர்ந்து கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனாள். பெரிய கட்டிலில் குறுக்காகவும் படுக்கலாம் என்பதை சபிதா அந்த வருஷங்களில்தான் கற்றுக்கொண்டாள்.

போன வருஷம் அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். வந்தவன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் படுக்க முடியாதவனாக வந்தான். முதுகெலும்பில் கீழே இரண்டு வட்டுகள் பிதுங்கியிருந்தன. பஞ்சு மெத்தை, கயிற்று மெத்தை, பலகை, பலகைமேல் போர்வை, எல்லாம் பார்த்தாயிற்று. இரவெல்லாம் அவன் எழுந்து நடப்பான். நடக்கும்போது அவளை எழுப்பிவிடக் கூடாது என்று சுவரைப் பிடித்து நடப்பான். அந்தச் சுவரில் இடுப்புயரத்தில் கை அழுக்கு ஒரு கோடாகப் படிந்துவிட்டது.

அப்போதுதான் தேங்காய்ப்பட்டணத்துச் சிநேகிதன் ஒருவன் மெமரி ஃபோம் மெத்தையைப் பற்றிச் சொன்னான். பெட்டியில் பாயைப் போலச் சுருட்டி, காற்றை உறிஞ்சி அடைத்து வந்தது அது. உறையைக் கிழித்ததும் கட்டிலின்மேல் மெதுவாக, புளித்த மாவைப் போல உப்பி எழுந்தது. கையை அழுத்தி எடுத்தால் கையின் குழி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு அங்கே யாருமே தொடாதது போல நிரம்பிக்கொண்டது. அன்றிரவு ஜான்ரோஸ் ஆறு மணி நேரம் ஒரே உறக்கமாக உறங்கினான். காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "விடிஞ்சிட்டா பிள்ளே?" என்று கேட்டான். நம்பமுடியாமல் இன்னொரு தரம் கேட்டான்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு தன் தொண்டை இரவெல்லாம் அரித்ததை அவள் எப்படிச் சொல்வாள்?

சொல்லவில்லை. பத்தொன்பது நாள் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுத்தாள். பாத்ரூமுக்குப் போவதாக எழுந்து போய் அங்கே வென்டிலேட்டருக்கு நேரே நின்று மூச்சை இழுத்தாள். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடித்துச் சிவந்தபோது புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். தலைவலி வெயிலால் என்றாள். இருமல் சாக்பீஸால். பக்கத்தில் அவன் உறங்கும் சத்தம் கேட்கும். ஆழமான, அவசரமில்லாத மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டே தன் மூச்சுக்குத் திணறிக் கிடப்பதில் அவளுக்கு ஒரு விதமான கர்வம்கூட இருந்தது. எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கர்வம். கொடுப்பது வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருப்பதில்தான் அதற்கு மதிப்பு என்று அப்போது நினைத்தாள்.

இருபதாவது நாள் அவள் பரீட்சைத் தாள் திருத்துவதாகச் சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். தாள் எத்தனை நாள்தான் தீராமல் இருக்கும்? ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவன் கேட்டான். அவள் உண்மையைச் சொன்னாள். அதற்குள் உண்மை பழசாகிவிட்டிருந்தது.

"மெத்தையா ஒனக்கு ஒத்துக்கல்ல?" என்றான். "பன்னெண்டு வருஷம் தனியாக் கெடந்து பழகிட்ட. இப்பம் ஒருத்தன் பக்கத்துல கெடந்தா மூச்சு முட்டத்தான் செய்யும். அதுக்கு எதுக்கு மெத்தையைக் கொறை சொல்லுக?"

அவள் மறுத்தாள். ஆனால் மறுக்கும்போதே உள்ளே ஒன்று தயங்கியது. அந்தத் தயக்கம்தான் பின்னால் அவளை மிகவும் வதைத்தது. அவன் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்குமோ? அவன் லீவு முடிந்து போகும்போதெல்லாம் விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, அழுது முடித்து, கட்டிலின் நடுவில் கையையும் காலையும் விரித்துப் படுத்தபோது வந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நிம்மதிதான் இப்போது மூச்சிளைப்பாக வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதோ? சொந்த மூச்சையே நம்ப முடியாமல் போவது எப்படியிருக்கும் என்பது அந்த வாரம் அவளுக்குத் தெரிந்தது.

ஆனாலும் அவன் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ரப்பர் ஷீட் அடித்துக் காயவைத்தால் புளித்த நாற்றம் அடிக்கும். புகைப்புரையில் நாலு நாள் தொங்கவிட்டால் நாற்றம் போய்த் தேன் நிறத்தில் வெளியே வரும். ஷீட்டுக்குப் போகிற நாற்றம் மெத்தைக்கு மட்டும் போகாதா? பக்கத்து விளை நேசையனுக்குச் சொந்தமாகப் புகைப்புரை உண்டு.

"மெத்தைக்குப் பொக போடுக மொதல் ஆளு நீதாம்லே," என்றார் நேசையன். "நாளைக்குக் கட்டிலையும் கொண்டு வருவியா? ஒன் பெண்டாட்டி அதையும் மோந்து பாப்பா."

ஆனாலும் ஷீட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணித் தந்தார். தீ பிடித்துவிடாமல் தேங்காய்த் தொண்டு மட்டும் போட்டுக் கங்குப் புகையாக விட்டார்கள். இரண்டு நாளும் ஜான்ரோஸ் தரையில் படுத்தான். இரண்டு காலையிலும் சபிதா அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மெத்தை வீட்டுக்கு வந்தபோது புகை வாசம் மட்டும்தான் இருந்தது. அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசம். அவன் கட்டில் பக்கத்தில் நின்று, பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்காகக் காத்திருக்கும் பிள்ளையைப் போல அவள் முகத்தையே பார்த்தான். "கொள்ளாம், நல்லாருக்கு. வாடை போயிட்டு," என்று சொல்லிப் படுத்தாள். உடம்புச் சூடு ஏற ஏற, புகைக்கு அடியிலிருந்து அந்த வாடை வந்தது. புரையின் சூட்டில் இளகிப்போயிருந்தது. இரட்டிப்பாக வந்தது. எழுந்து போகலாம். போகவில்லை. இரண்டு நாள் தரையில் கிடந்தவனை வெறுங்கையாகத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

விடிந்தபோது அவள் ஆஸ்பத்திரியில், முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் ஜான்ரோஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் நம்பினான். ஆனால் நம்பியதால் என்ன ஆயிற்று? அவன் உறங்குகிற இடத்தில் அவளால் மூச்சுவிட முடியாது. அவள் மூச்சுவிடுகிற இடத்தில் அவனால் உறங்க முடியாது. மெத்தை கடைசி அறைக்குப் போயிற்று. அதோடு அவனும் போனான். இரவில் ஹாலில் கிடந்து மூடிய கதவைப் பார்க்கும்போது அவன் மறுபடியும் மஸ்கட்டுக்கே போய்விட்டது போலிருந்தது. இந்த முறை லீவு கிடையாது.

அதிலும் கொடுமை, அந்த வாடை அவன்மேலேயே ஏறியிருந்தது. சட்டையில், கைலியில், தலைமயிரில். காலையில் அவன் காப்பியைக் கொண்டு வந்து நீட்டும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிடிப்பதை அவன் பார்ப்பான். டம்ளரை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பான். அந்த இரண்டடியை எப்படிக் கடப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

லேட்டக்ஸ் மெத்தை என்று போனில் சொன்னது ஜாஸ்மி. "மரத்துப் பாலுல செய்யது அம்மா. நம்ம வீட்டுக்குப் பொறத்தால நிக்கதுதான்." டாக்டர் எச்சரித்தார். ரப்பரும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, பார்த்துச் செய்யுங்கள் என்றார். எப்படிப் பார்ப்பது? சபிதா நேசையனிடம் புகை போடாத ஒரு ஷீட்டை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையணையில் விரித்து, அதில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். நாறியது. ஆனால் மூச்சு தடையில்லாமல் போய் வந்தது. திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் போகும் முன்பு அரை மணி நேரம் வைத்துப் பார்த்தாள். ஷீட்டில் இருந்த மெஷின் உருளையின் வரிகள் கன்னத்தில் பதிந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"என்ன டீச்சர், கன்னத்துல டயர் ஏறிச்சா?" என்று கேட்டாள் தமிழ் எடுக்கும் தாணம்மாள்.

சபிதா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தடிப்பில்லை. அரிப்பில்லை. வரிகள் மட்டும்தான். டீச்சர்கள் அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

*

மார்த்தாண்டத்துக் கடை வாசலில் வாடகைக் கார் நின்றது. டிரைவர் ஸ்டெனி அவர்கள் வெறுங்கையோடு வருவதைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டான்.

"கொட்டாரத்துல ராஜமணி அண்ணாச்சின்னு ஒருத்தர் இருக்காரு டீச்சர். கோட்டயத்துப் பக்கமிருந்து லேட்டக்ஸைக் கட்டையா வரவச்சு அவரே வெட்டிக் குடுப்பாரு. அங்க ஃபோம்னு வாயைத் தொறந்தா ஏசுவாரு."

"கொட்டாரமா? அது ஒரு உலகம் தாண்டில்லா கெடக்கு," என்றாள் சபிதா. ஜான்ரோஸின் முகத்தைப் பார்த்தாள். அரை மணி நேரக் கார் ஓட்டமே அவனுக்கு ஒரு நாள் நோவு.

"விடுலே வண்டிய," என்றான் அவன்.

பின் சீட்டில் அவன் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். அவள் முன் சீட்டில் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, முகத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். யாரும் யாரையும் குறை சொல்லாமலே அப்படி உட்காரப் பழகியிருந்தார்கள். தக்கலையில் ஒருமுறை நிறுத்தி அவனை நடக்க வைத்தாள். நாகர்கோவில் தாண்டி இன்னொரு முறை.

"இதுவும் ஒத்துவரல்லன்னா?" என்று கேட்டான் அவன், சாலையோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது.

"வரும்."

"வரல்லன்னா?"

பதில் அவளிடம் இருந்தது. இதுவும் ஒத்துவரவில்லையென்றால் அவள் சொல்ல மாட்டாள். அதைத் தனக்குள் கண்டபோது அவளுக்கே பயமாக இருந்தது. இனியொரு முறை 'எனக்கு முடியவில்லை' என்று சொல்ல அவளால் ஆகாது. இன்ஹேலரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகக் கிடந்துவிடுவாள். அப்படிக் கிடந்து ஒருநாள் மூச்சு நின்றுபோனால், குறைந்தபட்சம் பக்கத்தில் கிடந்தாள் என்று ஆகும். உறக்கமில்லாத மூளைக்கு இதுவும் ஒரு கணக்காகத்தான் பட்டது.

*

ராஜமணியின் கடை கொட்டாரம் ஊரைத் தாண்டி, வயலோரத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகையாக இருந்தது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் வெள்ளை நாமம். கையில் மெத்தை வெட்டும் நீளக் கத்தி.

"யாருக்குக் கேடு? ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டார், இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு.

"அவியளுக்கு முதுகு. எனக்கு மூச்சு," என்றாள் சபிதா.

"கொள்ளாம். ஆளுக்கொண்ணாப் பங்கு வச்சிருக்கிய."

அவள் கேட்கும் முன்பே அவர் ஒரு மெத்தையின் உறையை முழுக்கக் கழற்றிப் போட்டார். மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. மூலையில் ஒரு துண்டைக் கத்தியால் கிள்ளி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கசக்கி மோந்து பார்த்தாள். லேசான பால் வாசம். அதிகாலையில் ரப்பர் மரத்தைக் கீறிவிட்டதும் சிரட்டையில் சொட்டுகிற புதுப் பாலின் வாசம், எங்கோ தூரத்தில். அவள் தொண்டை அசையாமல் இருந்தது. இன்னொரு முறை மோந்தாள். இன்னொரு முறை.

"கையால பாத்தா என்ன தெரியும்? கெடந்து பாருங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல, இங்க வாறவிய எல்லாம் கெடக்கத்தான் வாறாவ," என்றார் ராஜமணி. கயிற்றில் தொங்கிய ஒரு பழைய விரிப்பைத் திரைபோல இழுத்துவிட்டு, "நான் அந்தப் பக்கம் வெட்டிட்டு இருக்கேன்," என்று போய்விட்டார்.

அவள் படுத்தாள். வயல் பக்கத்து ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ஜான்ரோஸ் மறு பக்கத்தில் மெதுவாக, முழங்கையை ஊன்றி, மல்லாந்து படுத்தான். அவன் சட்டையின் வாடை இருந்தது. ஆனால் காற்று அதை அப்பால் கொண்டு போயிற்று. இரண்டு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மெத்தையில். "எப்படி இருக்கு?" என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டாளா என்று அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் அவள் காலிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று புரிய நேரமாயிற்று. உடம்பு, நெடுநாள் தண்ணீர் காணாத மண் நனைந்தது போல, கனத்துக் குளிர்ந்து கிடந்தது.

"எவ்வளவு நேரம் ஒறங்கினேன்?"

"ஒண்ணர மணிக்கூர் இருக்கும்," என்றான் ஜான்ரோஸ் கூரையைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க?"

"நானும் செத்த நேரம் கண்ணடச்சேன். கொள்ளாம் பிள்ளே. இதையே எடுத்திருவோம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். படுத்த நிலையிலிருந்து அவன் ஒரு விரற்கடைகூட அசைந்திருக்கவில்லை. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இடது காலின் பெருவிரல் வலது பாதத்தின் மேல்தோலை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய இடம் வெளுத்துப்போயிருந்தது. ஒன்றரை மணி நேரம். அவள் எழுந்துவிடக் கூடாது என்று.

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். ராஜமணி உறை போட்டுத் தருவார். ஸ்டெனி காருக்கு மேலே கட்டுவான். இன்றிரவு அவள் உறங்குவாள். நாளையும். அவள் உடம்பிலுள்ள ஒவ்வொரு எலும்பும் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சியது. அவனே சொல்கிறான், கொள்ளாம் என்று. அவன் வாயால் சொன்னதை நம்புவது எப்படித் தப்பாகும்? அவள் பத்தொன்பது நாள் தாங்கினாள், அவன் கொஞ்சம் தாங்கினால் என்ன? இந்தக் கேள்வி வந்தபோது அதில் தன் குரலையே கேட்டாள். ஈவு இரக்கமில்லாத, பசித்த குரல். அதை விரட்ட அவள் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் அதோடு கிடந்தாள். சுவரில் வெயில் இன்னும் ஒரு செங்கல் உயரம் ஏறியது.

அப்புறம் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவன் ஒரு மாதம் தாங்குவான். சுவரைப் பிடித்து நடப்பான். அவளை எழுப்பாமல் நடப்பதில் அவனுக்கும் ஒரு கர்வம் வரும். கர்வம் தீர்ந்ததும் கசப்பு வரும். அவளுக்கு வந்தது போல.

அவள் கையை நீட்டி அவன் இடுப்புக்கு அடியில் விட்டாள். மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவில் கை முழுக்க நுழைந்தது. அந்தரத்தில் நின்றது இடுப்பு.

"இங்கயா?"

"நோவு ஒண்ணும் இல்லட்டி."

அவள் விரலால் அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கால் ஒரு சத்தம் போட்டான்.

"எப்பம் தொடங்கிச்சு?"

திரைக்கு அந்தப் பக்கம் கத்தி ரப்பரை அறுக்கும் சத்தம் நின்று, மறுபடியும் தொடங்கியது.

"படுத்த பத்து நிமிசத்துல," என்றான் கடைசியில். "காலு வரைக்கும் இழுக்கு. நீ ஒறங்கிட்ட. வாயத் தொறந்து ஒறங்கின. எழுப்ப மனசு வரல்ல."

"இது வேண்டாம்."

"பைத்தியமாட்டி ஒனக்கு?" அவன் குரல் உயர்ந்தது. "நாலு கடை ஏறி எறங்கி, இந்தக் கோடி வரைக்கும் வந்து, ஒனக்கு ஒறக்கம் வந்த ஒரு மெத்தையை... இனி எங்க போக? எனக்கு ஏலாது சபிதா. எனக்கு ஏலாது, கேட்டியா?"

அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். அவளுக்குத் தெரிந்து, விழுந்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணியபோது கூப்பிட்டான்.

"எனக்கும் ஏலாது," என்றாள் அவள். "ஒங்க முதுகுமேல கெடந்து ஒறங்க எனக்கு ஏலாது. அந்த மெத்தையில கெடந்ததெல்லாம் நான் பொய்யாத்தான் கெடந்தேன். பொக போட்டுக் கொண்டு வந்த அன்னைக்கும் பொய்தான். அதாக்கும் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போச்சு. அந்தப் பொய்யை நீங்களும் படிச்சுக்கிட வேண்டாம்."

திரைக்கு வெளியே ராஜமணி கனைத்தார். "கெட்டினவிய சண்டைக்கு நான் குறுக்க வரல்ல. ஆனா ஒண்ணு சொல்லலாமா?"

சபிதா எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"இது கெட்டி ரகம். இதைவிட மெதுவானது உண்டும். இப்பம் கைவசம் இல்ல. வரவழைக்கப் பத்து நாள் ஆகும்," என்றார். "ஆனா ஒறப்புச் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. மெதுவானதுல சிலவியளுக்கு இடுப்பு தாந்துபோகும். அது வேற நோவு. வந்து கெடந்து பாருங்க. சொகமா இருந்தா எடுங்க. இல்லன்னா நாம இன்னொண்ணு பாப்போம்."

"பாக்கலாம், பாக்கலாம்னு எத்தன நாளு அண்ணாச்சி?" என்றான் ஜான்ரோஸ். கோபம் வடிந்து, வெறும் அலுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

"முதுகு ஒங்களுதுல்லா. நான் என்ன நாள் சொல்ல?"

சபிதா போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேர உறக்கம் அவளுக்கு என்ன கிடைக்காமல் இருந்தது என்பதைக் காட்டிவிட்டிருந்தது. இனி வரும் பத்து இரவும் முந்தினவற்றைவிடக் கடினமாக இருக்கும்.

காருக்குப் போகும் வழியில் அவன் வரப்போரம் நின்றான்.

"பத்து நாளும் நீ எங்க கெடப்ப?"

"ஹாலுல."

"நான்?"

"நீங்க உள்ள, அந்த மெத்தையிலதான் கெடக்கணும். ஒங்களுக்காவது ஒறக்கம் வேணுமில்லா."

"நான் காப்பி கொண்டு வரும்போ நீ மூச்சைப் பிடிப்ப. எனக்கு அது..."

"இனிப் பிடிக்கல்ல. இருமுகேன். எவ்வளவு வருதோ அவ்வளவும் இருமுகேன். நீங்க கேட்டுட்டு நில்லுங்க."

அவன் அவளையே பார்த்தான். சிரிக்கப் போகிறானா அழப் போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டெனி வெறும் காரை ஒருமுறையும் அவர்களை ஒருமுறையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். கொட்டாரம் சந்திக்கு முன்னால் ரோட்டைத் தோண்டி மூடியிருந்தார்கள். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"எக்க அம்மோ," என்று ஜான்ரோஸ் பின் சீட்டிலிருந்து வாய்விட்டு அலறினான்.

ஸ்டெனி பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. இத்தனை மாதத்தில் அவன் இப்படி அலறி சபிதா கேட்டதில்லை. அவள் சீட்டில் திரும்பி, ஜன்னலை விட்டுவிட்டு, அவன் பக்கமாகக் குனிந்தாள். வாடை வந்தது. இருமல் வந்தது. இருமி முடித்தாள்.

"எங்க?" என்று கேட்டாள்.

"இடது பக்கம். கீழ," என்றான் அவன். "இன்னும் கொஞ்சம் கீழ."